லேப்டாப் சூடாகி அணைந்துபோகிறதா? வண்ணாரப்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் மடிக்கணினி பழுதுபார்க்கிற வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றாகிவிடும்: சுடுகிறது, தானாக அணைந்துவிடுகிறது. ராயபுரத்துக் கல்லூரி மாணவியும், எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கணக்கரும், எண்ணூரிலிருந்து வருகிற பொறியாளரும் கேட்கிற சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றே. கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் அவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது உறுத்தலாக இருந்ததால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, நிதானமாக விடை தந்திருக்கிறேன்.

அண்ணா, படம் பாத்துக்கிட்டே இருக்கும்போது லேப்டாப் டக்குனு ஆஃப் ஆயிடுது. தொட்டா சுடுது. உள்ளே ஏதாவது எரிஞ்சுபோச்சா?

பெரும்பாலும் எதுவும் எரிந்திருக்காது. மடிக்கணினியின் மூளையான பிராசசருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. பல இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் அணைவதற்குச் சற்று முன்பு படம் திக்கித் திக்கி ஓடும். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லையென்றால், தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை ஒரே வெட்டாக வெட்டிவிடும். நீங்கள் பார்ப்பது அந்தத் தற்காப்பைத்தான்.

ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபட்டுக் கெடலாம். பழைய வகை ஹார்டு டிஸ்க் என்றால் ஒவ்வொரு திடீர் வெட்டும் அதற்கு ஓர் அடி. பேட்டரியின் ஆயுளும் சூட்டில் வேகமாகக் கரையும்.

சூட்டாலதான் ஆஃப் ஆகுதுன்னு எப்படி உறுதியா சொல்றது?

மூன்று அடையாளங்களைப் பாருங்கள். அணைவதற்கு முன் விசிறி இரைந்து சுற்றியிருக்கும். அணைந்தவுடன் மீண்டும் போட்டால், முதல் தடவையைவிடச் சீக்கிரமாக அணையும். கால் மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் ஒழுங்காக ஓடத் தொடங்கும். மூன்றும் பொருந்தினால் வெப்பம்தான் காரணம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது போட்டாலும் ஐந்து விநாடியில் அணைகிறது என்றால் அது வேறு நோய். சார்ஜர் வயரைப் பிடுங்கிய கணத்தில் அணைகிறது என்றால் சந்தேகம் பேட்டரி மேல் விழ வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, கர்னல் பவர் என்ற பெயரில் வந்துள்ள எண்களைப் பார்க்கலாம். 41 என்ற எண், ஒழுங்காக மூடாமல் நின்றுபோனது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது. 86 என்ற எண் இருந்தால் வெப்பத்தால் நிறுத்தப்பட்டது என்று பொருள். 41-ஐப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை பழுது என்று முடிவுகட்டி, புதிய சார்ஜர் வாங்கிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் செலவு வேண்டாம்.

எத்தனை டிகிரி வரைக்கும் பரவாயில்ல?

கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். உலோக உடல் கொண்ட மடிக்கணினி சூட்டை வெளியே கடத்துவதால் அதிகம் சுடும். பிளாஸ்டிக் உடலுக்குள் பிராசசர் வெந்துகொண்டிருந்தாலும் மேலே இதமாகத்தான் இருக்கும். கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச நிரல் ஒன்றை நிறுவினால் உள்ளே இருக்கும் உண்மையான அளவு தெரியும். லினக்ஸில் சென்சார்ஸ் என்ற கட்டளை அதே வேலையைச் செய்யும். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரையும், கடினமான வேலையின்போது 70 முதல் 90 வரையும் வருவது பல மடிக்கணினிகளுக்கு இயல்பு. சாதாரண வேலைக்கே 95-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும்.

இந்த அளவுகள் அறையின் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள். மார்கழியில் 28 டிகிரியில் இருந்த அறை சித்திரையில் 38 ஆனால், அதே வேலைக்குப் பிராசசரும் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரி கூடுதலாகவே சூடேறும். பல மடிக்கணினிகளுக்கு அறை வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் தயாரிப்பாளர்களே எல்லை குறித்திருக்கிறார்கள். நம் ஊரில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளின் மடிக்கணினி, பழுது எதுவும் இல்லாமலே அணையக்கூடும். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, கனமான வேலையைக் காலை ஒன்பது மணிக்கு முன்போ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. மார்கழியில் ஒழுங்காக ஓடி, சித்திரைப் பகலில் மட்டும் நிற்கிறது என்றால் அதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உள்ளே இருக்கற சூடு எப்படித்தான் வெளியே போகுது?

பிராசசர் விரல் நகம் அளவே இருக்கும் ஒரு சில்லு. அதன் மேல் மெல்லிய பூச்சாக வெப்பம் கடத்தும் பேஸ்ட், அதற்கு மேல் செப்புத் தகடு. அந்தத் தகட்டிலிருந்து ஒரு செப்புக் குழாய் ஓரத்துக்குப் போகிறது. குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகி, சூட்டைச் சுமந்துபோய் இறக்கிவைக்கிறது. அது இறக்கிவைக்கும் இடத்தில் சீப்புப் பற்கள்போல நெருக்கமான உலோகத் தகடுகள் இருக்கும். அடித்தட்டின் துளைகள் வழியே விசிறி காற்றை இழுத்து, அந்தத் தகடுகளுக்கு ஊடாக ஊதி, பக்கவாட்டிலோ திரையின் கீலுக்கு அருகிலோ வெளியேற்றும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சூடு உள்ளேயே தங்கும். கீழே வரும் பதில்கள் எல்லாம் எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பதைப் பற்றியவையே.

மெத்தை மேல வெச்சு பாக்கறது தப்பா?

தவறுதான். அடித்தட்டின் துளைகள் மெத்தையில் புதைந்துவிடுவதால் விசிறிக்கு இழுக்கக் காற்று கிடைப்பதில்லை. பூரிப் பலகையோ அட்டைப் பரீட்சைப் பலகையோ ஒன்றை அடியில் வையுங்கள். மேசையில் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்து இரு மூலைகளுக்கும் கீழே தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்தால் காற்று தாராளமாக உள்ளே போகும். செலவே இல்லாத வைத்தியம் என்பதால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

எங்க வீட்டுல தெனமும் ரெண்டு தடவை பெருக்கறோம். அப்புறம் எப்படி உள்ளே தூசி அடைக்குது?

பெருக்குகிற தூசி வேறு, விசிறி இழுக்கிற தூசி வேறு. தரையில் படிவதற்கு முன் காற்றில் மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய தூசியைத்தான் விசிறி இழுக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அது 2011-இல் நின்றது. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இன்னும் இருக்கிறது. சாலையைப் பார்த்த வீடு, ஜன்னல் ஓரத்து மேசை என்றால் ஒரே ஆண்டில் தகடுகள் அடைத்துக்கொள்ளும்.

துணி இருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். சென்ற ஆண்டு எம்.சி. ரோட்டிலிருந்து பில் போடுகிற மடிக்கணினி ஒன்று வந்தது. அடித்தட்டைக் கழற்றி விசிறி மூடியைத் தூக்கியபோது, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் சுவர்போல நின்றது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கிழியாமல், தகடுகளின் வரிவரியான தடத்தோடு, முழுத் துண்டாகக் கையில் வந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அதற்குள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக நூலிழைகள் தெரிந்தன. அந்தக் கடையில் நாள் முழுவதும் கிழித்த துணிகளின் இழைகள். விசிறி முழு மூச்சாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஆனால் ஊதிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. அந்தப் படலத்தை எடுத்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அதே சோதனைக்கு 98 டிகிரி காட்டிய இயந்திரம் 74-இல் நின்றது. உரிமையாளர் புதிதாக வாங்கிவிடலாம் என்ற முடிவோடு வந்திருந்தார்.

நாங்க காசிமேடு. கடல் காத்து லேப்டாப்பைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?

கெடுக்கும். கடல் காற்றில் உப்புத் துகள்கள் கலந்திருக்கின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் தன்மையுடையது. அதனால் உள்ளே படிந்த தூசி உலர்ந்து உதிராமல் களிம்புபோல ஒட்டிக்கொள்கிறது. அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்துப்போயிருப்பதையும், விசிறி வயரின் இணைப்பில் பச்சை படிந்திருப்பதையும் கடலோரத்திலிருந்து வரும் மடிக்கணினிகளில் பார்க்கிறேன். விசிறியின் அச்சும் சீக்கிரம் வறண்டு கரகரக்கத் தொடங்கும்.

வேறு ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்பார்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வதே சரி. மாசி மாதத்தில், கோடைக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது. பயன்படுத்தாத நேரத்தில் கடலைப் பார்த்த ஜன்னலருகே திறந்து வைக்காதீர்கள்.

நானே கழட்டி சுத்தம் பண்ணலாமா?

பொறுமையும் சரியான திருப்புளியும் இருந்தால் செய்யலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் முதலில் விதிமுறைகளைப் படியுங்கள். உங்கள் மாடலின் எண்ணைக் குறிப்பிட்டுத் தேடினால், பல நிறுவனங்கள் பிரித்துப் பூட்டும் முறையைப் படத்தோடு வெளியிட்டிருப்பதைக் காணலாம். சார்ஜரைப் பிடுங்கி, முழுவதுமாக அணைத்து, அடித்தட்டைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் வடிந்துவிடும். தொடங்குமுன் வீட்டு இரும்புக் குழாயைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுவதும் நல்ல பழக்கம்.

திருகாணிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. குட்டையானது இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது போர்டையே துளைத்துவிடும். ஒரு வெள்ளைத் தாளில் அடித்தட்டின் படத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே செல்லோ டேப்பால் ஒட்டிவைப்பது என் வழக்கம். மூடியை நெம்புவதற்குக் கத்தி வேண்டாம். பழைய ஏடிஎம் அட்டை போதும்.

விசிறியின் இறக்கைகளை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் தூசியைத் தள்ளுங்கள். தகடுகளுக்கு இடையே உள்ள படலத்தை இடுக்கியால் எடுங்கள். தண்ணீரையோ ஈரத்துணியையோ அருகில் கொண்டுவராதீர்கள். கை நடுங்குகிறது, சின்ன இணைப்புகளைக் கண்டால் பயமாக இருக்கிறது என்றால் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்; அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கழட்டாம, பக்கத்து ஓட்டையில புளோயர் வெச்சு ஊதினா போதாதா?

லேசான தூசி என்றால் ஓரளவு உதவும். ஆனால் மேலே சொன்ன ஜவுளிக்கடைப் படலம் போன்ற ஒன்று உள்ளே இருந்தால், வெளியிலிருந்து ஊதுவது அதை விசிறிப் பக்கம் தள்ளிவிடுமே தவிர வெளியேற்றாது. அதோடு, புளோயரின் வேகத்தில் விசிறி தன் இயல்பைவிடப் பல மடங்கு சுற்றும். அப்போது அச்சு கெடும், விசிறியே டைனமோபோல மின்சாரத்தை உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும். அதனால்தான் இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டு வாக்யூம் கிளீனரின் முனையை உள் பாகங்களில் வைக்காதீர்கள். அது நிலைமின்சாரத்தை உண்டாக்கக்கூடியது.

பேஸ்ட் மாத்தணும்னு சொல்றாங்க. அது எதுக்கு? டூத்பேஸ்ட் போட்டாகூட போதும்னு வீடியோல பாத்தேனே?

சில்லும் செப்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு கடக்காது. காற்றை விரட்டி அந்த இடத்தை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை. மூன்று, நான்கு ஆண்டுகளில் அது காய்ந்து, திருநீற்றுக் கட்டிபோல உதிரத் தொடங்கும். சுத்தம் செய்தும் வெப்பம் இறங்கவில்லையென்றால் மாற்றுவது பலன் தரும்.

டூத்பேஸ்ட்டில் தண்ணீர் இருக்கிறது. போட்ட அன்று வெப்பம் குறைந்ததுபோலக் காட்டும். சில நாளில் காய்ந்து, முன்பைவிட மோசமாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, சில்லின் மேல் பட்டாணியில் பாதி அளவு புதிய பேஸ்ட்டை வைத்து, மெல்லிய பூச்சாகப் பரப்புங்கள். அதிகம் வைத்தால் அதிகக் குளிர்ச்சி என்று எண்ண வேண்டாம். செப்புத் தகட்டின் திருகாணிகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாறி மாறி முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் சில்லின் விளிம்பு நொறுங்கலாம்.

பக்கத்துச் சில்லுகளின் மேல் ரப்பர்போல மெத்தென்று இருப்பவை தெர்மல் பேட்கள். அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் தடவிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. பழையதன் தடிமனிலேயே புதிய பேட் வைக்க வேண்டும்.

கூலிங் பேட் வாங்கிடட்டுமா?

அடித்தட்டில் துளைகள் நிறைய உள்ள மடிக்கணினிக்குச் சில டிகிரி குறையும். துளைகளே இல்லாத அடித்தட்டு என்றால் பெரிய பயன் இருக்காது. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு வெளியே எத்தனை விசிறி வைத்தாலும் காற்று புகாது. ஆகவே சுத்தம் செய்வது முதலில். அதன் பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் பாட்டில் மூடி வைத்தியத்தைச் செய்து, வெப்ப அளவு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துப் பாருங்கள்.

ரொம்ப சூடானா ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வெக்கலாமா?

கூடாது. ஐஸ் வாட்டர் தம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து நம் ஊர் ஈரக்காற்றுக்கு வெளியே எடுத்ததும் மடிக்கணினியின் போர்டின் மேல் அதே நீர் பூக்கும். மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்து ஆறவிடுவதே போதுமானது.

சார்ஜ் போட்டா மட்டும் சுடுது, பேட்டரில ஓடும்போது நல்லாதான் இருக்கு. ஏன்?

பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காகப் பிராசசரின் வேகம் கட்டுப்படுத்தப்படும். சார்ஜரைச் செருகியதும் அந்தக் கட்டு தளர்ந்து, பிராசசர் முழு வேகத்துக்குப் போகும். அதே நேரத்தில் பேட்டரியும் சார்ஜ் ஏறிச் சூட்டைக் கூட்டும். ஓரளவு இது இயல்பு. நாள் முழுவதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளரின் நிரலில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள்.

மடிக்கணினி சமதளத்தில் ஆடுகிறது, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடித்தட்டு மூடாமல் பிளந்திருக்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ அமுக்குவதோ தீயில் முடியும். மாநகராட்சிக் குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம்: குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே பற்றும், தப்பினால் கொடுங்கையூர் கிடங்கில் பற்றும். அங்கு மூளும் தீயின் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பகுதி மக்களே. மின்னணுக் கழிவு வாங்குகிற அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படையுங்கள்.

வீட்டுலேர்ந்து கிளம்பும்போது மூடி பையில வெச்சேன். ஆபீஸ்ல எடுத்தா இட்லிப் பானை மாதிரி சுடுது. ஆஃப்ல இருந்தது ஏன் சுடணும்?

மூடியது அணைத்ததாகாது. புதிய மடிக்கணினிகள் பலவும் கைப்பேசியைப்போல மூடிய பிறகும் அரைத்தூக்கத்தில் இருந்து, இணையத்தைத் தொட்டு, அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கும். திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் நெரிசலோடு முக்கால் மணி நேரம் போகும்போது, பைக்குள் காற்று புகாத இடத்தில் அது விழித்துக்கொண்டால் சூடு வெளியே போக வழி கிடையாது. கிளம்பும்போது ஷட்டவுன் செய்யுங்கள், அல்லது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட்டில் போடுங்கள்.

எல்லாம் சுத்தம் பண்ணி, பேஸ்ட்டும் மாத்தியாச்சு. இன்னும் சுடுது. வேற என்ன பாக்கறது?

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நீங்கள் எதுவும் செய்யாதபோதும் பிராசசரை உண்பது எது என்று பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கலாம். இலவசமாகக் கிடைத்த திருட்டு மென்பொருளோடு வந்து, உங்கள் மின்சாரத்தில் வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கும் நிரலாகவும் இருக்கலாம். சும்மா இருக்கும்போதே விசிறி ஓயாமல் இரைகிற மடிக்கணினிகளில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது விசிறி. சுற்றுகிறது என்பது மட்டும் போதாது; வெளியேறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று அழுத்தமாகப் படவேண்டும். எச்பி மடிக்கணினியில் தொடங்கும்போது 90பி என்ற பிழை வந்தால் விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று அதுவே சொல்கிறது. கடைசியாக, முன்பு விளக்கிய செப்புக் குழாய். அது மடிந்தோ கசிந்தோ போனால் உள்ளே இருந்த திரவம் போய்விடும். அப்போது சில்லின் பக்கம் கொதிக்கும், தகடுகளின் பக்கம் குளிர்ந்தே இருக்கும். அதைச் சரிசெய்ய முடியாது, முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும். விசிறியும் குழாயும் ரிச்சி தெருவில் மாடல் எண்ணைச் சொன்னால் கிடைக்கும். விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பழைய விசிறியைக் கையோடு கொண்டுபோய் வயர்களின் எண்ணிக்கையையும் இணைப்பையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

செலவு பண்ண இப்போ முடியாது. பரீட்சை முடியற வரைக்கும் எப்படியாவது ஓட்டணும்.

விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு அமைப்புகளில், பிராசசரின் அதிகபட்ச நிலை என்ற வரி 100 சதவீதமாக இருக்கும். அதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று எண்ண வேண்டாம். பல பிராசசர்களில் அந்த ஒரு எண், அவ்வப்போது வேகத்தை உயர்த்திக்கொள்ளும் டர்போ வசதியையே நிறுத்திவிடும். வேகம் சற்றுக் குறையும், வெப்பம் நன்றாகவே இறங்கும். சில புதிய மடிக்கணினிகளில் அந்த வரி மறைத்துவைக்கப்பட்டிருக்கும். அங்கே பவர் மோடை மின்சேமிப்புக்கு மாற்றுங்கள். இணைய வகுப்பின்போது வீடியோவின் தரத்தைக் குறைத்து, தேவையில்லாத பக்கங்களை மூடிவிடுங்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் சுத்தம் செய்ய வாருங்கள்.

ஸ்கூல்ல கவர்மென்ட் குடுத்த லேப்டாப் இன்னும் இருக்கு. அதுக்கு செலவு பண்ணலாமா?

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை நம் பகுதியில் பல வீடுகளில் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. அக்காவுக்குக் கிடைத்ததைத் தம்பி பயன்படுத்துகிறான். சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால், எழுதவும் படிக்கவும் அது போதும் என்பது என் கருத்து. போர்டில் பழுது என்றால் மட்டும் அதற்குமேல் பணம் போடாதீர்கள்.

2023 மழையில தண்ணி பூந்துது. காயவெச்சு எடுத்தோம், ரெண்டு வருஷம் ஓடுச்சு. இப்போதான் சூடாகி ஆஃப் ஆகுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். மிக்ஜாம் புயலின்போது தேங்கியது வெறும் மழைநீரன்று. சாக்கடையும், எண்ணூர் பக்கத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்த நீர். தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பும் அழுக்கும் போர்டில் தங்கி, மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். விசிறி இணைப்பில் அரிப்பு ஏறினால் அதன் வேகம் குறையும்; மின்சாரப் பகுதியில் ஏறினால் அங்கேயே சூடு உண்டாகும். இப்படிப்பட்டவற்றில் பிராசசர் 60 டிகிரிதான் காட்டும், ஆனாலும் மடிக்கணினி அணையும். சூடாவது வேறு இடம் என்பதால் நிரல் காட்டும் எண்ணை நம்பி ஏமாறக்கூடாது. போர்டு முழுவதையும் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துலக்கிப் பார்ப்பதே வழி.

ஒரு கடையில காட்டினேன், மதர்போர்டு போச்சு, சிப்பை ரீபால் பண்ணணும்னு சொல்றாங்க. நம்பலாமா?

ரீபால் என்பது சில்லைக் கழற்றி, அதன் கீழே உள்ள ஈயப் பற்றுகளைப் புதிதாக வைப்பது. சில நேரங்களில் அது உண்மையாகவே தேவைப்படும். ஆனால் அடித்தட்டைத் திறக்காமலே அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். சில்லுக்குக் கீழே உள்ள ஈயப் பற்றுகள் விட்டுப்போனால் வரும் அடையாளங்கள் வேறு: திரையே வராது, கோடு கோடாக வரும், அல்லது ஆறவிட்டாலும் போடமுடியாது. கால் மணி நேரம் ஆறியதும் ஒழுங்காக ஓடுகிற மடிக்கணினிக்கு முதலில் செய்ய வேண்டியது சுத்தமும் பேஸ்ட்டும். சில்லுக்கு வெப்பக் காற்றைக் காட்டி எழுப்புவது பெரும்பாலும் சில வாரங்களுக்கே தாங்கும். அதற்குப் பெருந்தொகை கேட்டால் யோசியுங்கள்.

கடைக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள். உங்கள் கண்முன் அடித்தட்டைத் திறந்து விசிறியையும் தகடுகளையும் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு முன் எத்தனை டிகிரி, பின் எத்தனை டிகிரி என்று ஒரே சோதனையை ஓட்டி, இரண்டு எண்களையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கடையிலும் இந்த மூன்றையும் கேட்டே வாங்குங்கள்.